ஆரோக்கிய விசாரம்: காவலர் செய்யும் கலகம்

நம் தமிழ்நாட்டு இல்லங்களில் சில வைத்தியச் சொற்கள் வெற்றிலை பாக்கைப் போலச் சர்வ சாதாரணமாகப் புழங்கி வருகின்றன. 'ஈஸ்னோபீலியா' என்பது அவற்றுள் ஒன்று. காலையில் எழுந்ததும் தொடர்ச்சியாக நாலு தும்மல் போடுகிறவரும், பொங்கலுக்கு ஒட்டடை அடித்துவிட்டு மூக்கைச் சிந்துகிறவரும், மார்கழிப் பனியில் கோலம் போட்டுவிட்டு வந்து இருமுகிறவரும், "எனக்கு ஈஸ்னோபீலியா உண்டு" என்று சொல்லிக் கொள்ளுகிறார்கள். கேட்பவர்களும் விஷயம் விளங்கிவிட்டது போல் தலையை ஆட்டுகிறார்கள். ஆனால் அது ஒரு வியாதியின் பெயரா, வியாதியின் அடையாளமா, அல்லது ரத்தத்தில் உள்ள ஏதேனும் ஒரு வஸ்துவின் பெயரா என்று கேட்டால் பதில் சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலரே. இவ்வாரம் இந்தச் சொல்லைப் பற்றிக் கொண்டே, ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களுக்கும் நம் நுரையீரல்களுக்கும் உள்ள சம்பந்தத்தைச் சற்று விசாரிப்போம். கேவலம் ஒரு சொல்லின் பொருளைத் தெரிந்து கொள்ளாததனால் உயிருக்கே அபாயம் நேருவதுண்டு என்பதை நேயர்கள் முடிவில் காண்பார்கள்.

ஒரு கன மில்லிமீட்டர் ரத்தம் என்பது கடுகளவு கூட இராது. அந்தச் சிறு அளவுக்குள் சிவப்பு அணுக்கள் ஏறக்குறைய 50 லட்சம் இருக்கின்றன. வெள்ளை அணுக்களோ 4,000 முதல் 11,000 வரைதான். சிவப்பு அணுக்கள் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் பாரக்காரர்கள்.  வெள்ளை அணுக்கள்தாம் தேகத்துக்குக் காவலர்கள். இக்காவலர்களில் ஐந்து வகுப்பினர் உண்டு. நூற்றுக்கு 40 முதல் 70 வரை உள்ளவர்கள் நியூட்ரோபில்கள். 20 முதல் 40 வரை லிம்போஸைட்டுகள். மானோஸைட்டுகள் என்போர் சிறு தொகையினர். இயோஸினோபில்கள் அவர்களிலும் சிறு தொகையினர். பேஸோபில்கள் நூற்றுக்கு ஒன்று கூடத் தேறுவது அருமை. நமது கதாநாயகர்கள் இவர்களுள் நாலாவதாகச் சொல்லப்பட்ட இயோஸினோபில்கள். இவர்களுடைய தொகை மிதமிஞ்சிப் பெருகிய நிலைமைக்குத்தான் 'ஈஸ்னோபீலியா' என்று பெயர்.

இந்த அணுக்களுக்குப் பெயர் வந்த விதம் ரஸமானது. ஜெர்மனி தேசத்து பால் எர்லிக் என்ற விஞ்ஞானி, 1879-ஆம் வருஷத்தில், ரத்தத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் மெல்லியதாகப் பூசி உலர்த்திப் பலவித சாயங்களை அதன் மேல் ஏற்றிப் பார்த்து வந்தார். இயோஸின் என்னும் சிவந்த சாயத்தை ஏற்றியபோது, வெள்ளை அணுக்களில் ஒரு சில மாத்திரம் தம்முள் இருந்த துகள்களில் அந்தச் சாயத்தை ஆவலுடன் வாங்கிக் கொண்டு ஜ்வலித்தன. 'இயோஸ்' என்பது கிரேக்கர்களின் வைகறைத் தேவதை. நம் வேதத்தின் உஷஸைப் போன்றவள். அவள் பெயரைக் கொண்ட சாயத்தின் மீது பிரியம் உடையவை என்ற பொருளில் இவ்வணுக்களுக்கு இயோஸினோபில் என்று பெயர் ஏற்பட்டது. ரத்தப் பரிசோதனைச் சாலைகளில் இன்றளவும் அவற்றை அடையாளம் காட்டுவது அந்தச் செம்மைதான்.

வெள்ளை அணுக்கள் காவல் புரிகின்றன என்பதைக் கண்டறிந்தவர் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாவ். அவர் 1882-ல் இத்தாலி தேசத்து மெஸ்ஸினா நகரில் இருந்தபோது, நீரைப் போல் தெளிந்த உடலையுடைய நட்சத்திர மீன் குஞ்சு ஒன்றின் தோலுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில் பார்த்தால், அதன் உடலில் உலவும் அணுக்கள் நாற்புறமிருந்தும் திரண்டு வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன! வந்த பகைவனைச் சூழ்ந்து விழுங்குவதே இவ்வணுக்களின் தர்மம் என்று அவர் ஸ்தாபித்தார். 1908-ஆம் வருஷத்து நோபல் பரிசை மெச்னிகாவும் எர்லிக்கும் பகிர்ந்து கொண்டார்கள்.

தேகத்தின் மற்ற எந்தப் பாகத்தையும் விட நுரையீரலுக்குத்தான் காவல் அதிகம் வேண்டியிருக்கிறது. இருதயமும் ஈரலும் உட்கோட்டைக்குள் பத்திரமாக இருக்கின்றன. நுரையீரலோ ஊர்க் கோடியில் வாசற்கதவைத் திறந்து போட்டுக் கொண்டிருக்கும் சத்திரம். தினந்தோறும் சுமார் 10,000 லிட்டர் காற்று அதற்குள் போய் வருகிறது. அந்தக் காற்றுடன் தெருப் புழுதியும், அடுப்புப் புகையும், கிருமிகளும் தாராளமாகப் பிரவேசிக்கின்றன. மூக்கு ரோமமும் கபமும் தடுத்தவை போக மிஞ்சினவை, 30 கோடிக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு காற்றுப் பைகளை அடைகின்றன. அங்கே மாக்ரோபேஜ் என்ற பெருந்தீனிக்காரர்கள் ஓயாமல் ரோந்து சுற்றி, அகப்பட்டதை எல்லாம் விழுங்கிக் கொண்டிருக்கிறார்கள். அவர்களால் சமாளிக்க முடியாத சமயத்தில் அபாய அறிவிப்பு எழுகிறது. ரத்தத்திலிருந்து மற்றக் காவலர்கள் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள்.

எந்த வகுப்புக் காவலர் வந்திருக்கிறார் என்பதைக் கொண்டே எத்தகைய பகைவன் புகுந்திருக்கிறான் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். நிமோனியாக் கிருமி புகுந்தால் நியூட்ரோபில்கள் பாய்ந்து வருகின்றன. காற்றுப் பைகளை அடைத்துக் கொள்ளும் சீழில் பெரும் பகுதி மாண்டு போன அந்த வீரர்களின் உடல்களே. க்ஷயரோகக் கிருமி வந்தாலோ கதை வேறு. மாக்ரோபேஜ் அதை விழுங்குகிறது. ஆனால் ஜீரணிக்க முடிவதில்லை. தன்னை விழுங்கியவனுடைய வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் செய்யும் ஆற்றல் அந்தக் கிருமிக்கு உண்டு! அப்போது லிம்போஸைட்டுகள் வந்து கூடிச் சுற்றிலும் மதில் எழுப்பிக் கிருமியைச் சிறை வைக்கின்றன. நம் தேசத்தில் கோடிக்கணக்கான ஜனங்கள் இவ்வாறு கிருமியைச் சிறையில் வைத்துக் கொண்டே ஆயுள் முழுவதும் சௌக்கியமாக வாழ்ந்துவிடுகிறார்கள். எச்.ஐ.வி. கிருமியால் லிம்போஸைட்டுகள் க்ஷீணித்தவர்களிடம் மதில் இடிந்து, க்ஷயம் தலைவிரித்து ஆடுவது இதனால்தான்.

இதுவரையில் காவலர்களின் புகழைப் பாடினோம். இனி அவர்களுடைய மறுபக்கத்தைக் காண வேண்டும். திருடனைப் பிடிக்க வந்த சேவகர்கள் கதவை உடைத்து, பானை சட்டிகளை நொறுக்கி, வீட்டுக்காரனையும் நையப் புடைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? நுரையீரல் வியாதிகள் பலவற்றில் நடப்பது இதுவே. பீடி, சிகரெட் புகைப்பவருடைய நெஞ்சில் நியூட்ரோபில்கள் ஓயாமல் வந்து கூடுகின்றன. அவை கக்கும் எலாஸ்டேஸ் என்னும் நொதி, ரப்பரைப் போல் விரிந்து சுருங்கும் நுரையீரல் நார்களை அரித்துவிடுகிறது. அதை அடக்குவதற்கென்றே தேகத்தில் ஆல்பா-1 ஆன்டிட்ரிப்ஸின் என்ற ஒரு வஸ்து உண்டு. பிறவியிலேயே அந்த வஸ்து குறைந்தவர்களுக்கு இளம் வயதிலேயே நுரையீரல் சிதைந்து போவதை, 1963-ல் ஸ்வீடன் தேசத்து லாரெலும் எரிக்ஸனும் எடுத்துக் காட்டினார்கள். புகை வெறும் காரணம். வீட்டை இடித்தவர்கள் காவலர்கள்.

இப்போது நம் கதாநாயகர்களிடம் வருவோம். அவர்களுடைய சரித்திரத்தில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம்முடைய தென்னாட்டிலேயே எழுதப்பட்டது.

அக்காலத்துச் சென்னை ராஜதானியில், சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஆரோக்கியவரம் என்ற இடத்தில் க்ஷயரோக ஆஸ்பத்திரி ஒன்று நடந்து வந்தது. நெடுந்தூரங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் அங்கே வந்து சேருவார்கள். அவர்களில் சிலரிடம் ஒரு விநோதத்தை வைத்தியர்கள் கவனித்தார்கள். இருமல் உண்டு, மாலை ஜுரம் உண்டு, தேகம் இளைத்திருந்தது, எக்ஸ்ரே படத்தில் இரண்டு நுரையீரல்களிலும் தினையை வாரி இறைத்தாற்போலப் புள்ளிகள் தெரிந்தன. க்ஷயம் என்று தீர்மானிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் கபத்தில் எத்தனை முறை தேடியும் கிருமி அகப்படவில்லை. ரத்தத்தைப் பூசிப் பார்த்தாலோ, செந்துகள் நிறைந்த இயோஸினோபில்கள் மந்தை மந்தையாகக் காட்சியளித்தன. டாக்டர் பிரிமோத்-மொல்லரும் டாக்டர் பார்ட்டனும் 1940-ல் இதைப் பற்றி எழுதினார்கள். க்ஷயத்தைப் போல் வேஷம் போடும் வேறு வியாதி இது என்று அறிவித்தார்கள்.

அந்தக் காலத்தில் க்ஷயத்துக்குத் தக்க மருந்தே கிடையாது என்பதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஒருவனுக்கு க்ஷயம் என்று சொல்லிவிட்டால் உத்தியோகம் போயிற்று. வீட்டில் தனித் தட்டு, தனித் தம்ளர். தங்கைகளுக்கு வரன் அமைவதும் கஷ்டம். இந்த வியாதி பெரும்பாலும் 15 வயதுக்கு மேற்பட்ட இளைஞர்களையே பற்றுகிறது. இல்லாத க்ஷயத்துக்காக எத்தனை வாலிபர்களின் வாழ்வு குலைந்து போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களை விடுவிப்பதற்கு வேண்டியிருந்தது, விரல் நுனியிலிருந்து ஒரே ஒரு துளி ரத்தம்.

1943-ல் வைன்கார்ட்டன் என்ற வைத்தியர், இத்தகைய நோயாளிகள் 81 பேரைப் பற்றி 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதி, 'உஷ்ணதேச ஈஸ்னோபீலியா' என்று இவ்வியாதிக்குப் பெயர் சூட்டினார். வேறொரு வியாதிக்காகப் பாஷாண ஊசி போட்டுக் கொண்ட ஒருவருக்கு இந்த இருமலும் கூடவே ஓடிவிட்டது. அதைக் கண்ட அவர், பாஷாண ஊசியையே இதற்கும் சிகிச்சையாக்கினார். மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் வியாதி ஏன் வருகிறது என்பது மாத்திரம் மர்மமாகவே இருந்தது.

மர்மத்தைத் துலக்கியவர்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் என்ற மூவருக்குச் சிறப்பான இடம் உண்டு. 1960-ல் அவர்கள் இத்தகைய நோயாளிகளின் நுரையீரல், ஈரல், நிணக் கழலை ஆகியவற்றிலிருந்து எடுத்த சிறு துணுக்குகளைப் பூதக் கண்ணாடியில் ஆராய்ந்தார்கள். அங்கே இயோஸினோபில்களின் பெருங் கூட்டத்துக்கு நடுவில், சிதைந்து கிடந்தவை யானைக்கால் வியாதிப் புழுவின் குஞ்சுகள்!

யானைக்கால் புழுவின் வாழ்க்கையைத் தெரிந்து கொண்டால் விஷயம் தெளிவாகும். சாக்கடைத் தண்ணீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசு அதைக் கொண்டு வந்து சேர்க்கிறது. வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் தங்கிக் கணக்கற்ற குஞ்சுகளைப் பொரிக்கின்றன. இந்தக் குஞ்சுகள் நள்ளிரவில் மேல்தோலை ஒட்டிய ரத்தத்தில் உலாவக் கிளம்பும். பகற்பொழுதில் நுரையீரலின் நுண்குழாய்களில் பதுங்கிக் கொள்ளும். யானைக்கால் ஆராய்ச்சிக்காரர்கள் தெருத் தெருவாக ராத்திரியில் வந்து ரத்தம் எடுப்பது இதற்காகவே. பெரும்பாலோருடைய தேகம் இக்குஞ்சுகளைக் கண்டும் காணாதது போல் பொறுத்துக் கொண்டிருக்கிறது. புழு உள்ளவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவரிடத்தில்தான் காவலர்கள் இதைப் பொறுக்க மாட்டாமல் பொங்கி எழுகிறார்கள். குஞ்சுகள் நுரையீரலை அடைந்ததும் இயோஸினோபில்கள் சூழ்ந்து, தம் செந்துகள்களிலுள்ள விஷங்களைப் பொழிந்து அவற்றைக் கொன்றுவிடுகின்றன. ஆகையால் இந்நோயாளியின் ரத்தத்தை நடுநிசியில் எடுத்துப் பார்த்தாலும் புழுக்குஞ்சு தென்படுவதில்லை. பகைவனை அடியோடு ஒழித்தாகிவிட்டது. ஆனால் பொழிந்த விஷம் புழுவை மாத்திரமா சுடும்? நுரையீரலையும் சேர்த்துத்தான் சுடுகிறது. இரவெல்லாம் விடாத இருமல், இழுப்பு, மூச்சுத் திணறல் எல்லாம் அந்த வெற்றியின் விலைகள்.

இந்தக் கலகம் எவ்வளவு பெரிது என்பதைச் சென்னைச் சேத்துப்பட்டு க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தார், அமெரிக்க விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, 1987-ல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. நோயாளிகளின் நுரையீரலுக்குள் உப்பு நீரைச் செலுத்திக் கழுவி எடுத்துப் பார்த்ததில், அந்த நீரில் இருந்த அணுக்களில் ஏறத்தாழப் பாதி இயோஸினோபில்களாக இருந்தன. சுக தேகியிடம் அவை நூற்றுக்கு ஒன்றிரண்டு கூட இருப்பதில்லை. தக்க மருந்தைக் கொடுத்த இரண்டு வாரங்களுக்குள் அந்தக் கூட்டம் பெரும்பாலும் கலைந்து போயிற்று.

அந்த மருந்தைப் பற்றிச் சொல்லும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது. டைஎத்தில்கார்பமஸின் என்பது அதன் பெயர். ஹெட்ராஸான் என்றும் வழங்கினார்கள். 1947-ல், பாரத நாடு சுதந்திரம் பெற்ற அதே வருஷத்தில், அமெரிக்காவின் லெடர்லி ஆராய்ச்சிச் சாலையிலிருந்து அது வெளிவந்தது. அச்சாலையின் ஆராய்ச்சித் தலைவர் யார்? 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்ரகடா சுப்பாராவ்! காந்தியடிகளின் அழைப்பை ஏற்று இவர் கதர் உடுத்தியதை ஆங்கிலப் பேராசிரியர் பொறுக்கவில்லை என்றும், ஆகவே முழுப் பட்டத்துக்குப் பதிலாகக் கீழான சான்றிதழே இவருக்குக் கிடைத்தது என்றும் இவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். கதர் உடுத்தியவருக்குப் பட்டம் மறுத்தார்கள். ஆயினும் அவருடைய ஆராய்ச்சிச் சாலையிலிருந்து வந்த மருந்து உலகமெங்கும் யானைக்கால் நோயாளிகளுக்குக் கைகொடுத்தது. 1948-ல் சுப்பாராவ் காலமானார். இன்றைக்கும் உஷ்ணதேச ஈஸ்னோபீலியாவுக்கு வைத்தியர்கள் மூன்று வாரம் கொடுக்கும் மருந்து அதுவே.

காலந் தாழ்த்தாமல் கொடுத்தால்தான் இந்த மருந்தின் பயன் முழுமையாகக் கிட்டும். வருஷக்கணக்கில் கலகம் நடக்க விட்டால், நுரையீரலில் தழும்பு விழுந்து இறுகிப் போகும். பிறகு எந்த மருந்தாலும் அதை இளகச் செய்ய இயலாது.

காவலர்களை அடக்கினால் போதுமே, ஸ்டீராய்ட் மாத்திரை இருக்கிறதே என்று சிலர் கேட்கக் கூடும். அடக்க வேண்டிய வேளை உண்டு என்பதில் ஐயமில்லை. 2020-ல் கொரோனாக் கொள்ளை நோய் பரவியபோது, இங்கிலாந்தில் நடந்த பெரிய பரிசோதனை ஒன்றில், செயற்கைச் சுவாச யந்திரத்தில் இருந்தவர்களின் மரணத்தை டெக்ஸாமெத்தஸோன் என்ற மலிவான ஸ்டீராய்ட் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் பிராணவாயு தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் நன்மை ஏதும் காணப்படவில்லை. நம் தேசத்தில் 2021-ல் ஸ்டீராய்டைக் கண்டபடி உபயோகித்ததும், நீரிழிவும் சேர்ந்து, எத்தனையோ பேரைக் கறுப்புப் பூஞ்சைக்கு இரையாக்கின. காவலரை அடக்குவதற்கு வேளையும் அளவும் தெரிந்திருக்க வேண்டும். ஈஸ்னோபீலியாவில் ஸ்டீராய்ட் கொடுத்தால் எண்ணிக்கை குறையும், இருமலும் தணியும். புழு மாத்திரம் உள்ளேயே இருக்கும். குடலில் வேறு வகைப் புழு ஒளிந்திருந்தால் அது தேகமெங்கும் பரவி உயிருக்கே உலை வைப்பதும் உண்டு.

இனி, முதலில் சொன்ன தும்மல்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இயோஸினோபில்கள் ஒரு கன மில்லிமீட்டரில் 500-க்குள் இருப்பது சகஜம். உஷ்ணதேச ஈஸ்னோபீலியா என்று சொல்ல 3,000-க்கு மேல் இருக்க வேண்டும். யானைக்கால் புழுவை எதிர்த்து ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள்களும் மிகுதியாகத் தென்பட வேண்டும். தூசியால் தும்முகிறவர்களிடத்திலும், ஆஸ்துமாக்காரர்களிடத்திலும், வயிற்றில் பூச்சியுள்ள குழந்தைகளிடத்திலும், சில மருந்துகள் ஒவ்வாதவர்களிடத்திலும் இவ்வணுக்கள் ஓரளவு கூடுவது இயற்கை. அவர்களுக்கு வேண்டிய சிகிச்சை வேறு. யானைக்கால் குறையக் குறைய, அசல் உஷ்ணதேச ஈஸ்னோபீலியாவும் அருகி வருகிறது. இலங்கை 2016-ல் யானைக்காலை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது. நம் தேசமோ 1955-லேயே இதற்கென்று தேசியத் திட்டம் தொடங்கியும் இன்னும் கரையேறவில்லை. 2027-க்குள் ஒழிப்பதென்று சர்க்கார் சங்கல்பம் செய்திருக்கிறது. வீட்டு வாசற் சாக்கடையைத் தேங்க விடாமலிருப்பதும், சுகாதார ஊழியர் கொடுக்கும் மாத்திரையை அவர் எதிரிலேயே விழுங்குவதும் இதில் நாம் செய்யக்கூடிய தேச சேவை.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. மதனப்பள்ளியில் ஈஸ்னோபீலியா க்ஷயத்தின் வேஷம் போட்டது. இன்றோ பல குடும்பங்களில் க்ஷயம் ஈஸ்னோபீலியாவின் வேஷம் போடுகிறது! உலகத்து க்ஷயரோகிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் நம் தேசத்தார். க்ஷயம் என்ற சொல்லைக் கேட்கவே கூசுகிறவர்கள், மாதக்கணக்காக இருமுகிற மகனையோ மருமகளையோ, "அது வெறும் ஈஸ்னோபீலியா" என்று சொல்லிக் கஷாயத்திலும் கடை மாத்திரையிலும் காலம் கடத்துகிறார்கள். அந்த மாதங்களில் நோயாளியின் நுரையீரல் அரிபடுகிறது. அதே அறையில் படுத்துறங்கும் குழந்தைகளுக்கும் கிருமி பரவுகிறது. இன்று க்ஷயம் மருந்துக்குக் கட்டுப்படும் வியாதி. கபப் பரிசோதனையும் சிகிச்சையும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசம். ஆகவே எவருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், முதலில் கபத்தைப் பரிசோதித்து, ரத்த அணுக்களையும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் காவலர் கூடியிருக்கிறார், எந்தப் பகைவனுக்காகக் கூடியிருக்கிறார் என்பதை வைத்தியர் கண்டு சொல்லட்டும். அதுவரையில் வியாதிக்குப் பெயர் சூட்டும் வேலையை நாம் மேற்கொள்ளாதிருப்பதே வீட்டுக்கு க்ஷேமம்.